வீட்டுக்காரர் சொன்னார்

ஓசூர்
10.11.2025, இரவு

மாமாவுக்கு மாதேஸ்வரி எழுதுவது.

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நைட் ஷிப்ட்டுக்கு மாலை ஐந்து மணிக்கே உங்கள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறீர்கள். நான் ஏழு மணிக்கு வந்து பூட்டைத் திறக்கிறேன். விடிவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையையும் ஓ.டி. தின்றுவிடுகிறது. போனில் சொன்னால் முதல் வரி முடிவதற்குள் கத்த ஆரம்பிப்பீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதி உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைக்கிறேன்.

லைன் லீடர் டெஸ்ட் எழுதுகிறவர்கள் பெயரை எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் இன்றைக்கு ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. எங்களை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் குருமூர்த்தியிடம் போய்க் கேட்டேன்.

"தெரியாத மாதிரி கேக்கறியேமா. அடுத்த மாசத்துல இருந்து உன்ன நைட்ல போடச் சொல்லி உன் வூட்டுக்காரரு வந்து சொன்னாரே. டெஸ்ட்டு பகல் ஷிப்ட் ஆளுங்களுக்குத்தான்" என்றார்.

என் லைனில் வேலை செய்கிற லாவண்யா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் எரிந்தது. இந்த டெஸ்ட்டுக்காக நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று பஸ்ஸிலும் கேன்டீன் வரிசையிலும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேனே, அது உங்களுக்குத் தெரியாதா? என் வேலையை மாற்றச் சொல்ல நீங்கள் யார்? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

களி கிண்டி மூடி வைத்திருக்கிறேன். கோபம் வேறு, சாப்பாடு வேறு.

மாதேஸ்வரி


11.11.2025, காலை

அன்புள்ள மாதேசுக்கு,

களி ஆறிப்போயிருந்தது. தினமும் ஆறித்தான் போகிறது. கல்யாணமான நாளிலிருந்து நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீயும் நைட்டுக்கு வந்தால் பகலில் ஒன்றாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன். எங்கள் லைனில் எல்லோரும் இப்படித்தான் போய்ச் சொல்லி மாற்றுகிறார்கள். நான் என்ன குடித்துவிட்டு வந்து ரகளை பண்ணினேனா? கூட இருக்க ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

இந்த ஒரு ரூமில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் பேப்பர்தான் இருக்கிறது. பிரிட்ஜ் மேல் நவுன், அடுப்புக்கு மேலே வெர்ப், கண்ணாடியில் ப்ரிபொசிஷன். நேற்று இன், ஆன், அண்டருக்கு நடுவே என் முகத்தைத் தேடிச் சவரம் பண்ணி, தாடையை வெட்டிக்கொண்டேன். ஸ்க்ரூ முடுக்குவதற்கு அட்வெர்ப் எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

மதுரைவீரன்


11.11.2025, இரவு

மாமாவுக்கு,

ஆசைப்பட்டது குற்றமில்லை. அந்த ஆசையைக் குருமூர்த்தியிடம் போய்ச் சொன்னீர்களே, என்னிடம் சொன்னீர்களா?

அட்வெர்ப் எதற்கு என்று நானும்தான் கேட்கிறேன். லைன் லீடருக்கு வேலைக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் வருமாம், படிக்கத் தெரிய வேண்டுமாம். கோடு போட்ட வார்த்தை நவுனா வெர்பா என்று சரியாக எழுதினால்தான் அந்த இடம் கிடைக்கும் என்றால் எழுதிவிட்டுப் போகிறேன். போன வருஷம் நான் வேலை சொல்லிக் கொடுத்தவன் இன்றைக்கு லைன் லீடர். என்னை "ஏய், மூணாவது மெஷினு" என்று கூப்பிடுகிறான். நானும் திரும்பிப் பார்க்கிறேன். இது உங்களுக்குத் தெரியுமா? ஆறிய களியைத் தவிர இந்த வீட்டில் உங்களுக்கு என்னதான் தெரியும்?

இன்றைக்கு மறுபடியும் போய்க் கேட்டேன். "குடும்ப விஷயம்மா. அவரே வந்து வேணாம்னு சொல்லட்டும், பேரு சேர்த்துடறேன்" என்கிறார். வேலை செய்வது நான், கேட்பது நான், சொல்ல வேண்டியது மட்டும் நீங்களாம். நீங்கள் வரவே கூடாது. நாளைக்கு மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டிருக்கிறேன். எதற்கு என்று தானே தெரியவரும்.

மாதேஸ்வரி


13.11.2025, காலை

மாதேஸ்வரிக்கு,

என் மானத்தை வாங்கிவிட்டாய். நேற்று எங்கள் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்கிறேன், செக்யூரிட்டி ஆஞ்சப்பன் எழுந்து சல்யூட் அடிக்கிறான். "வா வீரா, உங்க வூட்டம்மா வந்து உன்னப் பகலுக்கு மாத்தச் சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்கிறான். கேன்டீன் வரைக்கும் அதே சிரிப்பு. டீ ஊற்றுகிறவன்கூட "அம்மாவைக் கேட்டுட்டு ஊத்தட்டுமா" என்றான். என் கம்பெனிக்குள் வந்து என் ஷிப்ட்டைப் பேச உனக்கு என்ன துணிச்சல்? நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?

சாப்பிடவில்லை. பசியில்லை.

மதுரைவீரன்


13.11.2025, இரவு

மாமாவுக்கு,

ஷிப்ட் போடுகிற உங்கள் டைம் ஆபீசில் எனக்கு என்ன பதில் கிடைத்தது என்று யாராவது சொன்னார்களா? "இன்னாமா விளையாடறியா? அவரு வேலை, அவருதான வந்து கேக்கணும்" என்றார்கள். எவ்வளவு நியாயமான பதில். அதே பதிலை உங்களுக்குக் குருமூர்த்தி ஏன் சொல்லவில்லை? நீங்கள் வந்து சொன்னபோது அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லையே. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம்.

ஒரு நாள் சிரிப்பு உங்களுக்கு இவ்வளவு சுடுகிறது. லாவண்யாவுக்கு அவள் அண்ணன் வந்து சொல்லி ஷிப்ட் மாறியது. முனிலட்சுமிக்கு அவள் மாமனார் வந்து சொன்னார். எங்கள் லைனில் இதெல்லாம் செய்தியே இல்லை. பேரிலேயே வீரனை வைத்துக்கொண்டு ஒரு டீக்காரன் கேலிக்குச் சோறு தின்னாமல் கிடக்கிறீர்கள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

தட்டில் இருப்பதைச் சாப்பிடுங்கள்.

மாதேஸ்வரி


15.11.2025, காலை

மாதேசுக்கு,

நேற்று தூங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக உன் கம்பெனிக்குப் போனேன். குருமூர்த்தி நாற்காலியைத் தள்ளிப் போட்டு டீ சொன்னார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. "நான் சொன்னேன்னு அவ விஷயத்துல இனி எதுவும் பண்ணாதீங்க சார். எதுன்னாலும் அவளக் கேளுங்க" என்றேன். அதற்கென்ன என்று அங்கேயே உன் பெயரைச் சேர்த்துவிட்டார். இப்போது சந்தோஷம்தானே?

கண்ணாடியில் இருந்த பேப்பர் விழுந்திருந்தது. ஒட்டிவிட்டேன்.

மதுரைவீரன்


15.11.2025, இரவு

மாமாவுக்கு,

சந்தோஷமில்லை. நான் இரண்டு தடவை அவர் முன்னால் நின்று கேட்டேன், சேர்க்கவில்லை. நீங்கள் போய் நின்றதும் சேர்த்தார். உங்கள் வாயால் அழிந்த பெயர் உங்கள் வாயால்தான் ஏறியிருக்கிறது. அவளைக் கேளுங்கள் என்று நீங்கள் சொன்ன பிறகும் அந்த மனிதர் என்னை எதுவும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? இதை நினைத்தால் அந்த டெஸ்ட்டையே கிழித்துப் போடலாம் போல வருகிறது. ஆனால் எழுதத்தான் போகிறேன்.

நீங்கள் தூக்கத்தை விட்டுப் போனது எனக்குத் தெரிகிறது. அதற்காகக் கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதி இருக்கிறது.

மாதேஸ்வரி


19.12.2025, இரவு

மாமாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். திங்கட்கிழமை முதல் நான் லைன் லீடர். டெஸ்ட்டில் அண்டர் என்ற வார்த்தைக்குக் கோடு போட்டிருந்தார்கள். உங்கள் தாடை வெட்டு ஞாபகம் வந்தது. ப்ரிபொசிஷன் என்று எழுதினேன்.

ஷிப்ட் மாற்றம் கேட்கிறவர்களின் பெயரை இனி நான்தான் எழுதித் தர வேண்டும். விஷயம் தெரிந்து இன்றைக்கே ஒருவர் வந்துவிட்டார். கெலமங்கலத்துக்காரர், தர்ஷினியின் கணவர். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, பொறுமையாகப் பேசினார். "எங்க வூட்ல அவங்கள நைட்டுக்குப் போட்டுடுங்க மேடம்" என்றார். அவங்களை வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கெட்டவராகவும் தெரியவில்லை. நீங்களும் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நாற்காலி போடவில்லை.

மாதேஸ்வரி


21.12.2025, காலை

அன்புள்ள மாதேசுக்கு,

வீட்டுச் சொந்தக்காரர் சென்னம்மா வரைக்கும் நீ பாஸான விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தெலுங்கில் உன்னை வாழ்த்தினார், எனக்கு லட்டு கொடுத்தார். உனக்குப் பாதி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஜனவரியில் பகல் ஷிப்ட்டில் ஓர் இடம் காலியாகிறது. நான் கேட்டு வாங்கலாம். வந்தால் காலையில் நாலரைக்கு நாம் இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்கு அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நீ ஆங்கிலக் குறிப்பு படிக்கிற நேரத்தில் நானும் வீட்டில் இருப்பேன். உனக்கு அது தொந்தரவாக இருந்தால் இப்படியே இருந்துவிடுகிறேன். நான் பகலுக்கு வரட்டுமா?

மதுரைவீரன்

(அதே தாளின் அடியில்)

வாருங்கள் மாமா. ஆனால் உங்கள் ஆபீசில் நீங்களே போய்க் கேளுங்கள். நான் வந்து சொன்னால் சிரிப்பார்கள்.

மாதேஸ்வரி