உங்கள் வாசல் புங்க மரத்தை வெட்டுகிறார்கள், அக்கா

அக்கா,

காலையில் கதவைத் திறந்ததும் பச்சைப் புங்கையின் கசப்பு வாடை மூக்கில் ஏறியது. உங்கள் வாசல் மரத்தின் கிளைகளை வெட்டி, நம் சந்து முழுக்க அடைத்துப் போட்டிருந்தார்கள். எதிரே எங்கள் வீட்டுப் பக்கம் கவிந்திருந்த கிளைகளைத்தான் முதலில் கழித்திருக்கிறார்கள். அடிமரம் நாளைக்காம்.

வெட்டச் சொன்னது வேறு யாருமில்லை, உங்கள் மகன்தான். "மேல ரெண்டு மாடி எடுக்குறேன் சித்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வீடு கேட்டு ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க. மரம் நின்னா சாரம் கட்ட முடியாது. பதிலுக்கு பைபாஸ் பக்கம் நம்ம பிளாட்டுல பத்துக் கன்னு வச்சிர்றேன்" என்றான். அந்தப் பொட்டலில் ஆடுகூட ஒதுங்க வராது. ஆள் இல்லாத இடத்துக்குப் பத்து மரம், ஆள் நெரிகிற இடத்தில் இருந்த ஒன்றும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பீர்கள்.

இந்த மரம் வருவதற்கு முன்பு நீங்கள் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தீர்கள். வேம்பும் மாவும் வாகையுமாக வீட்டைச் சுற்றி மரங்கள். இருந்ததோ இரண்டே பேர், அவர்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசிக்குள். "அந்த நெழல்ல கெடக்குறது காரு மட்டுந்தான்டி. இங்கிட்டு ஒரு ரூமுக்கு ஆறு பேரு கெடக்குறோம், ஒதுங்க ஒரு எலை இல்ல" என்று பொரிந்து தள்ளினீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அரிமளத்திலிருந்து ஒரு புங்கங்கன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள்.

சந்தில் ஒருவரும் வாசல் தரவில்லை. எல்லோருக்கும் பைக் நிறுத்த இடம் வேண்டும். கடைசியில் உங்கள் வாசலிலேயே நட்டீர்கள். மரம் பருத்ததும் உங்கள் கிரில் கேட் பாதிதான் திறந்தது. "போதும்டி, நான் என்ன யானையா" என்பீர்கள். உங்களை எடுத்த அன்று அந்தப் பாதி கேட் வழியாக ஒருக்களித்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. சந்தே அந்த மரத்தடியில் நின்றுதான் அழுதது.

உங்கள் தம்பி, அப்படித்தானே என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவீர்கள், பக்கவாதம் வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் படுத்திருக்கிறார். சூடு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் அந்தக் கூரையின் மேல் உங்கள் மரத்தின் நிழல் கிடந்தது. "ஒன் சித்தப்பாவ நெனச்சுப் பாருடா" என்றேன். "ஃபேன் ஒண்ணு வாங்கித் தாரேன் சித்தி" என்றான்.

மத்தியானம் கரண்ட் போனது. இவர் வாய் குழற, "வெயிலு உள்ள வந்துருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண் வீடு கேட்டு வந்து, கட்டாத மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கிட்டு காத்து வருமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். சித்திரை இன்னும் பிறக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். இன்று விளக்கு வைத்த பிறகு நானும் வைத்துப் பார்த்தேன். சுவர் ஆறவில்லை. அதே கையை உங்கள் தம்பியின் நெற்றியில் வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.