இலைக்குப்பைக் குடும்பம்

மே 6, திங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இன்றும் ஏர்கோன் ஓடவில்லை. வியர்த்துக்கொண்டே கிள்ளான் குன்றின் மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தேன். ரப்பர் தோட்டம் போனபிறகு அங்கே மிஞ்சியது ஒரு முனீஸ்வரன் கோயிலும் அதன் பின்னால் ஒரு சரிவும்தான். இரண்டையும் இடித்துத் தள்ளிக் கிடங்கு கட்டப் போகிறார்கள். அங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று அறிக்கை எழுத எங்களுக்குச் சம்பளம்.

மட்கிய இலைக்குள் எள்ளளவு பழுப்பு உருவம். எட்டுக் கால். சிலந்தி இல்லை, நூல் விடாது, விஷமும் கிடையாது. ஸ்டைலோசெல்லிடே என்ற குடும்பம். ஈர இலையை விட்டு வெளியே வந்தால் காய்ந்து சாகும். அதனால் ஒரு குன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே முடியாது. இந்தக் குன்றில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லாததாகக்கூட இருக்கலாம்.

பாஸ் சிவநேசன் எட்டிப் பார்த்தார். "உண்ணின்னு போட்டு முடி லா."

"உண்ணி இல்ல பாஸ்."

"கிளையன்டுக்கு உண்ணிதான்."

தீபாவளி விருந்தில் மைக்கைப் பிடித்து இன மானம் பேசுகிற வாய்.

மே 7

பாஸுக்குத் தெரியாமல் பல்கலைக்கழகத்து டாக்டர் அத்னானுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "படம் செல்லாதும்மா. ஞாயித்துக்கிழமை சுற்றுச்சூழல் துறை அதிகாரியோட வர்றேன். அவர் கண் முன்னாடி உயிரோட எடுக்கணும். அப்பதான் கிடங்குக்கு அனுமதி தர்ற மாசக் கடைசிக் கூட்டத்துல வேலையை நிறுத்தச் சொல்லிப் பேச முடியும்."

மே 9

கோயில் தலைவர் என் பெரியப்பா தம்புசாமி. பத்துமலைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டு யாருக்கு என்று சண்டைபோட்டு இரண்டாகப் பிரிந்த கமிட்டிக்குத் தலைவர்! போய்ச் சொன்னேன்: "பெரிய டாக்டர் ஒருத்தர் குன்றைப் பார்க்க வர்றார். அவர் மனசு வச்சா கோயில் தப்பும்."

"மாலையா, சால்வையாம்மா?"

அதுதான் அவர் கவலை. பூச்சி, மண், ஈரம் என்று இவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. எடுத்தால் மட்டும் புரிந்துவிடுமா?

மே 12, ஞாயிறு

கோயில் வாசலில் பேனர். கூடாரம். பெரிய பானையில் பீஹூன் சேமியா. பின்னால் போய்ப் பார்த்தேன் — சரிவு மொட்டைத்தலை மாதிரி கிடக்கிறது. ஒரு இலை இல்லை. நேற்று முழுக்கக் கோத்தோங் ரோயோங்காம், ஊர் கூடித் துப்புரவு. கூட்டி, எரித்து, பூச்சிமருந்து அடித்து, ஓரத்தில் சுண்ணாம்புக்கோடு வேறு. பெரிய மனுஷன் வருகிறார் அல்லவா!

டாக்டர் முட்டிபோட்டுச் சாம்பலைச் சலித்தார். ஒன்றுமில்லை. அதிகாரி பீஹூன் சாப்பிட்டார், சால்வையை வாங்கிக்கொண்டார், போய்விட்டார். "உயிரோட ஒண்ணு கிடைச்சா கூப்பிடு" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

கத்தினேன். முட்டாக் கூட்டம்னு கத்தினேன். சாமியை நீங்களே பெயர்த்து லோரில ஏத்துங்கன்னு கத்தினேன்.

பெரியப்பா கையில் இன்னும் துடைப்பம். "வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டாம இருப்போமா? இலையிலதான் அது குடியிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியாடி?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 13

வேலை போனது. அதிகாரி கிளையன்டிடம் பேசியிருக்கிறார், கிளையன்ட் பாஸிடம். நான் 'டீம் பிளேயர்' இல்லையாம்.

மே 15

சொல்லவில்லை. பெரியப்பா கேட்டது சரி. எரிச்சலாக இருக்கிறது.

மே 18

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாளைக்கு வெள்ளை வேட்டியும் மாவுச் சல்லடையும் எடுத்து வரச் சொன்னேன். "என்ன பூஜை?" என்றார்.

மே 19, ஞாயிறு

மேலே, பாறை இடுக்குகளில், துடைப்பம் எட்டாத இலை கொஞ்சம் இருந்தது. பெரியப்பா கமிட்டியையே கூட்டி வந்திருந்தார். இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன்: எவ்வளவு சிறிது, எங்கே ஒளியும், தொட்டால் காலை மடக்கிப் பிணம் மாதிரிக் கிடக்கும். "எங்க வீட்டுக்காரர் மாதிரி. ரேஷன் சாமான் தூக்கச் சொன்னா அப்படித்தான்" என்றார் கமிட்டியிலிருக்கும் நல்லம்மாள் ஆன்டி. கமிட்டியின் இரண்டு கட்சியும் தனித்தனிப் பாறையாகப் பிடித்துக்கொண்டு இலையை வேட்டிமேல் சலித்தன. அதிலும் போட்டி. கேவலம்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்பலாம் என்றேன்.

"ஷாமினி, இங்க வா. ஒருத்தன் பொணமா நடிக்கிறான் லா!"

நல்லம்மாள் ஆன்டி விரித்திருந்த வேட்டிமேல் எள்ளளவு பழுப்பு. வெகுநேரம் கழித்து ஒரு கால் நகர்ந்தது.

மே 20

டாக்டர் அத்னான் வியாழக்கிழமை வருகிறார். வேறொரு அதிகாரியோடு. பெரியப்பாவிடம் சொன்னேன். பேனர் கண்டிப்பாக வேண்டுமாம். இந்த ஜென்மத்தில் திருந்தாது. ஆனால் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கோயில் துடைப்பங்கள் எல்லாவற்றையும் தன் காருக்குள் அடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.