தடித்த தந்தி எந்தப் பக்கம்

பெட்டியைத் திறந்ததும் உன் பவுடர் வாசனை அடித்தது. வேர்வையில் விரல் ஒட்டக்கூடாது என்று கிட்டார் கழுத்தில் நீ கொட்டித் தேய்ப்பாயே, அதே பவுடர். ஒரு மழைக்காலம் முழுக்கப் பரண்மேல் கிடந்தும் அது போகவில்லை. தந்திகள்தான் போய்விட்டன. ஆறும் துருப்பிடித்து, தொட்டால் விரலில் சிவப்பாக ஒட்டுகின்றன.

உன் அக்கா நேற்று இதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தாராவி லேபர் கேம்ப் சந்துக்குள் வந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா பாயை விரித்து, "உள்ள வாங்கம்மா, இருங்க" என்றாள். அக்கா உட்காரவில்லை.

"அம்மா இதைப் பாத்தாலே அழறா. ஆத்துல வேற யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நீ வச்சுக்கோ. ஆனா சும்மா மூடி வைக்கப்படாது, கேட்டியோ?"

கேட்டுக்கொண்டேன். காலையில் முதல் வேலையாகப் போய் ஆறு புதுத் தந்திகள் வாங்கி வந்துவிட்டேன். இப்போது கிட்டார் மடியில் இருக்கிறது. தந்தியை எந்தப் பக்கமாக மாட்டுவது என்பதுதான் கேள்வி. மற்றவனுக்கெல்லாம் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே, வேலை முடிந்தது. நமக்கு மட்டும்தான் அது இரண்டு வருஷச் சண்டை.

நம்மைச் சேர்த்து வைத்ததே கைதான். வகுப்பில் எழுதும்போது என் முழங்கை பக்கத்துப் பையனை இடிக்கும், உன் முழங்கை உன் பக்கத்துப் பையனை இடிக்கும். வாத்தியார் பார்த்தார். இரண்டு தொல்லைகளையும் தூக்கி ஒரே பெஞ்சில் போட்டுவிட்டார். நீ மாட்டுங்காவில் மூன்றாவது மாடி, பாலக்காட்டுக் குடும்பம், அப்பாவுக்கு ஆபீஸ். நான் திருநெல்வேலிக்காரன் மகன், அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப். அந்தக் கை இல்லாவிட்டால் நாம் பேசியிருக்கவே மாட்டோம். மராத்திப் பையன்கள் நம் இருவரையும் சேர்த்து 'டாவ்ரா' என்று கூப்பிடுவார்கள், இடதுகைக்காரன் என்று. எங்கள் வீட்டில் அது பீச்சாங்கை. உங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. உன் அம்மா "கை" என்று ஒரு சொல் சொல்வார், நீ மாற்றிக்கொள்வாய்.

சோறு எல்லாருக்கும் வலது கைதான், அதில் எனக்கும் வம்பில்லை. போகப்போக நீ எழுத்தையும் மாற்றிக்கொண்டாய். கிரிக்கெட் மட்டையையும் மாற்றிக்கொண்டாய். நான் எதையும் மாற்றவில்லை, பத்தாவதில் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அதற்குக் காரணம் கை இல்லை, என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நீ பாஸாகி, டைப் அடிக்கக் கற்று, ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் சேர்ந்தாய். "நம்ம ரெண்டு கையையும் ஒண்ணா மதிக்கற மெஷின் இது ஒண்ணுதாண்டா" என்று டைப்ரைட்டரைப் பற்றிச் சொல்வாய்.

இந்தக் கிட்டார் உன் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது, பாந்த்ராவில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து. நீ எல்லாரையும் போலப் பிடித்தாய்: இடது கை கழுத்தில், வலது கை தந்தியைத் தட்ட. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொட்டைமாடியில் அதை என் கையில் தந்தாய். நான் யோசிக்கவே இல்லை, திருப்பிப் பிடித்தேன். இடது கை தட்ட, வலது கை கழுத்தில். மெல்லிய தந்தி மேலே வந்துவிட்டது, தடித்தது கீழே போய்விட்டது.

"தலைகீழாப் பிடிச்சிருக்கேடா."

"எனக்கு இதாம்ல நேரா இருக்கு."

"கேளு. கஷ்டமான வேலை எந்தக் கைக்கு? கழுத்துல விரலை வச்சு அழுத்தற கைக்கு. அது இடது கை. மத்தது சும்மா வீசறது. யாரோ நமக்காகப் பண்ணி வச்ச சாமானாக்கும் இது. மத்தவாள்லாம் அது தெரியாம வாசிச்சிண்டிருக்கா."

"வெரலு சுரத்தப் பிடிக்கும், சரி. தாளம் எங்க இருக்கு? வீசுத கையிலதான இருக்கு. ஒன் வலது கைய பாரு. ஆபீஸ் போற கை அது. ஒம்பதுக்கு வரணும்னா பத்துக்கு வருது."

நீ சிரித்தாய். ஆனால் நான் சொன்னது உண்மை. உன் விரல்கள் சுத்தம், ஒரு சுரம் பிசகாது. தட்டுகிற கை மட்டும் எப்போதும் அரை மூச்சு பின்னால் வரும். உனக்கும் அது தெரியும்.

தந்திகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினால் இடது கைக்குச் சரியாக வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கிட்டார் உன்னுடையது. இரவல் கிட்டாரில் கற்கிறவன் தந்தியைத் தொட முடியாது. அதனால் தலைகீழாகவே கற்றேன். இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பம்பாயில் எவன் கிட்டாராக இருந்தாலும், வாங்கித் திருப்பினால் போதும், எனக்கு வாசிக்க வரும்.

அப்புறம் அண்ணாச்சி வந்தார். தாராவியில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருந்தவர். கணபதி பந்தல், கல்யாண வீடு, எல்லாவற்றுக்கும் அவர்தான். அவருடைய கிட்டார்க்காரன் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த இடம் வேண்டும். சும்மா ஆசைக்கு இல்லை. அப்பா எனக்குக் கெடு வைத்திருந்தார்.

"ஏல, கணபதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வேலைய பிடி. இல்லன்னா என்கூட ஒர்க்‌ஷாப்புக்கு வந்துரு, சொல்லி வச்சிருக்கேன். ஒரே எடத்துல நிக்கப் பழகு."

நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கால் அரிக்கும். உன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு ஹிந்திப் பாட்டை முழுதாகக் கேட்டார். கடைசி வரை தொடையில் தாளம் போட்டார்.

"வாசிப்பு ஏக்தம் நல்லா இருக்கு. ஆனா கல்யாண வீட்ல மணமேடைக்கு முன்னால நின்னுக்கிட்டு பீச்சாங்கைய வீசுவியா? பொண்ணு வீட்டுக்காரன் என்னைய சும்மா விடுவானா?"

"கண்ண மூடிக்கிட்டு கேளுங்க அண்ணாச்சி."

"நான் மூடுவேன். கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் மூடுமா? ஞாயித்துக்கிழம செம்பூர்ல ஒரு கல்யாணம் இருக்கு. நேராப் பிடிச்சுப் பழகிக்கிட்டு வா. பழகலன்னா வராத."

உன்னிடம் வந்து சொன்னேன். நீ மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து, "திரும்பிடுடா. கை பழகிடும். நான் பழகலையா?" என்றாய்.

"பழகி என்ன கண்ட? பத்து மணிக்குத்தான வருது."

நீ கீழே இறங்கிப் போய்விட்டாய்.

வியாழக்கிழமை சாயங்காலம் நீயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய். மாடிக்கு வந்தேன். முகமெல்லாம் சிரிப்பாக நின்றாய். "திரும்ப மாட்டேங்கறே. சரி, இடது கைன்னா அதையாவது ஒழுங்காப் பண்ணுவோம். பாக்க நன்னா இருந்தா அண்ணாச்சியும் சம்மதிப்பார்" என்று கிட்டாரை நீட்டினாய். தந்திகளை எல்லாம் எனக்காக இடம் மாற்றி மாட்டியிருந்தாய். கழுத்தின் தலைப்பில் தந்திகளைப் பிரித்து வைக்கும் எலும்புத் துண்டு இருக்கிறதே, அதன் பள்ளங்கள் மாறிய தந்திகளுக்குப் பொருந்தாது. அதைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய பச்சை டூத் பிரஷ்ஷின் காம்பை அறுத்து, அரத்தால் ராவி, ஆறு பள்ளம் போட்டுப் பொருத்தியிருந்தாய். இரண்டு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து அந்த வேலைதான் செய்திருக்கிறாய்.

நான் கிட்டாரைப் பிடித்து பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் முதல் கார்டை அழுத்தித் தட்டினேன். தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"என்னாச்சுடா?"

"எல்லாம் மாறிக் கெடக்குல."

"மாறலைடா. இப்பத்தான் சரியா இருக்கு."

"சரியானது எனக்கு எங்க தெரியும்? நான் தப்பாத்தான கத்திருக்கேன்."

என் விரல்களுக்குத் தெரிந்தது தலைகீழ்த் தந்தி மட்டும்தான். உன் விரல்களுக்குத் தெரிந்தது வலதுகைக்காரனின் தந்தி. இப்போது கிட்டார் இரண்டு பேருக்கும் இல்லை. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். நான் சிரித்துவிட்டேன். "ரெண்டு டாவ்ரா சேந்து ஒரு கிட்டார கெடுத்தாச்சு" என்றேன்.

"கெடலை. இதோ, இப்படித்தான்" என்று காட்டுவதற்காக நீ அதை வாங்கி, என்னைப் போல இடது பக்கமாகப் பிடித்தாய். வலது கை விரல்கள் கழுத்தில் தடவித் தடவி ஒரு கார்டைக் கண்டுபிடித்தன. இடது கை இறங்கியது. சரியாக இறங்கியது. மறுபடியும் இறங்கியது. நான் தண்ணீர்த் தொட்டியில் தாளம் போட்டேன், கொஞ்சம் வேகமாகவே போட்டேன். நீ பின்னால் விழவில்லை. ஒரே கார்டுதான், வேறு எதுவும் உன் வலது கைக்குத் தெரியாது. ஆனாலும் நீ நிறுத்தவில்லை. கீழே உன் அம்மா காபிக்குக் கூப்பிட்டது உன் காதில் விழவில்லை. கொடியில் காய்ந்த புடவை உன் முகத்தில் அடித்தது, அதையும் நீ தள்ளவில்லை.

"இத்தனை வருஷம் எங்கேடா இருந்தே?" என்று கேட்டாய். என்னைக் கேட்கவில்லை, உன் இடது கையைப் பார்த்துக் கேட்டாய்.

"அப்படியே வச்சுக்கோல. இதுலயே கத்துக்கோ. நான் வேற கிட்டார் பாக்கேன்."

"எங்கே பாப்பே? ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"கெடைக்கலன்னா ஒர்க்‌ஷாப்பு. அவ்வளவுதாம்ல."

"நீயா? ஒரு டம்ளர் காபியை நின்ன எடத்துல குடிச்சு முடிச்சதில்லை நீ."

சொல்லிக்கொண்டே திருகாணிகளைத் தளர்த்த ஆரம்பித்தாய். நான் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டாய். தந்திகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குப் போயின. எலும்புத் துண்டு திரும்ப வந்தது. பச்சைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

"உனக்கு ஒரு கிட்டார் கிடைக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அப்புறம் என் முறை. மறுபடி திருப்பிடுவேன். அப்போ நீ வாயைத் திறக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு நீயும் கூட வந்தாய். நான் கிட்டாரை எடுத்துத் திருப்பிப் பிடித்ததும் அண்ணாச்சி முகம் மாறியது.

"ஏல, நான் ஒன்கிட்ட என்ன சொன்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்தாய். ஆபீஸ் சட்டை, சீவின தலை.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி. கிட்டார்ல சுரம் எங்கே பிறக்கறது? கழுத்துல. இவனுக்குக் கழுத்துல இருக்கறது எந்தக் கை? வலது கை. மத்த எல்லாருக்கும் அங்கே இருக்கறது இடது கை. கல்யாண மேடையில பாட்டை வலது கையால எடுத்துக் குடுக்கறவன் பம்பாயிலேயே இவன் ஒருத்தனாக்கும். நீங்க இத்தனை நாள் வச்சிண்டிருந்த கிட்டார்க்காரன்தான் இடது கை."

அண்ணாச்சி உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாருல?"

"என் தோஸ்து அண்ணாச்சி."

"வக்கீலா?"

"டைப்பிஸ்ட்" என்றாய் நீ.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, ஓரத்துல நில்லு. கிட்டார் கழுத்து அக்கார்டியன்காரன் மண்டையில இடிக்காமப் பாத்துக்கோ."

நான் வாசித்தேன். பாதியில் பெண்ணின் தாய்மாமா அண்ணாச்சியிடம் போய் என் கையைக் காட்டினார். அண்ணாச்சி நீ சொன்னதை, ஏதோ காலங்காலமாகத் தனக்குத் தெரிந்த விஷயம் போல, அவரிடம் அப்படியே ஒப்பித்தார். "சுரம் பிடிக்கது சோத்தாங்கை மாமா, நல்லா பாருங்க." மாமா கிட்ட வந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். அந்த இடம் எனக்கு அன்றைக்கு நிலைத்தது. என்னைத் திருப்புவதற்காக இரண்டு வருஷம் நீ சொன்ன வாதம், நான் திரும்பாமல் இருப்பதற்குத்தான் உதவியது.

மழைக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்று அண்ணாச்சி ஒரு கிட்டார் வாங்கினார். வலதுகைக்காரன் கிட்டார்தான், எனக்கென்ன, திருப்பிப் பிடித்தேன். அன்றே உன் வீட்டுக்கு ஓடி வந்தேன், "இனி ஒன் முறைல" என்று சொல்ல. நீ படுத்திருந்தாய். கண் மஞ்சள், நகம் மஞ்சள். காமாலை என்றார்கள். பத்தியச் சாப்பாடு, கீழாநெல்லி, ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்தார்கள்.

"மழை நிக்கட்டும்டா. மொட்டைமாடி காயட்டும். திருப்பிடலாம்" என்றாய்.

மழை நின்றது. மாடியும் காய்ந்தது. நீ வரவில்லை.

இப்போது சொல்கிறேன். பெட்டியின் மூலையில் உன் பவுடர் டப்பா இருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ கடகடவென்றது. கவிழ்த்தேன். பவுடரோடு அந்தப் பச்சைத் துண்டு விழுந்தது. ஊதித் துடைத்தேன். ஆறு பள்ளம், ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஆபீஸ்காரன் வேலை.

எலும்புத் துண்டைக் கழற்றினேன். பச்சையைப் பொருத்தினேன். இடது கையால் தட்டப் பிடித்தால் தடித்த தந்தி மேலே வரும்படி ஆறையும் மாட்டிச் சுருதி சேர்த்தேன். முதல் கார்டை அழுத்தினேன். அதே தகரக் கூரை, அதே கல். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னல அது, வாசிக்கத் தெரிஞ்சவன் மாதிரியா இருக்கு?" என்றாள்.

தெரியாது. ஆனால் வந்துவிடும். தாளம் என்னிடம் இருக்கிறது. விரல்தான் புதிதாகப் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட நான் என் வலது கையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன், இந்த முறை பாதியில் விட மாட்டேன். ராத்திரி கல்யாண வீட்டில் அண்ணாச்சி கிட்டாரைத் தலைகீழாக வாசிப்பேன். யாராவது கையைக் காட்டிக் கேட்டால் உன் வாதத்தை எடுத்து விடுவேன், இதுவரை ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. பகலில் இது.

உன் முறை வந்துவிட்டது. திருப்பி மாட்டிவிட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை.