மூன்றாவது கூடு

இன்று காலை ஸ்டேப்ளரைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். ஸ்டேப்ளர் கிடைக்கவில்லை. ஓட்டை விழுந்து பழுப்புக் கறையேறிய ஒரு பட்டுக்கூடுதான் உருண்டு வந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. அதைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சித்தூரில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது நாம் ஒரே அறையில் இருந்தோம். பிறகு நீ ஆராய்ச்சிக்குத் திருப்பதி போனாய். நான் ராமகுப்பம் பக்கத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படிக் கற்கிறார்கள் என்பது உன் ஆராய்ச்சி. அதற்கு எங்கள் பள்ளிதான் அகப்பட்டது. சனிக்கிழமைதோறும் பதினொரு பேர் வட்டமாக உட்காருவோம். முதல் சனிக்கிழமை முழுவதையும் எங்கள் தலைமையாசிரியர் ஒருவரே பேசித் தீர்த்தார்.

"உங்க எட்மாஸ்டர் வாய மூடினாதாண்டி மத்தவங்க வாய் தொறக்கும்" என்றாய். "ஆளுக்கு மூணு டோக்கன். ஒரு தபா பேச ஒண்ணு தட்டுல போடணும். தீந்தா வாய மூடிக்கினு கேக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தங்கினாய். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம்; அன்றுதான் தட்டிகளிலிருந்து கூடு பிரித்துக் குவித்திருந்தோம். "எம்மாம் அழகா கீது! இதாண்டி டோக்கன்" என்று முந்தானையில் அள்ளிக்கொண்டாய்.

"அடியே, அது..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்! டோக்கன் இல்லாம பேசக்கூடாது. விதி இப்பலேர்ந்தே."

என் வீடு, என் கூடு, என் வாய். எனக்கு எரிச்சல் வந்ததா இல்லையா, நீயே சொல். கூட்டைக் காயப்போடாவிட்டால் உள்ளேயிருக்கும் புழு பூச்சியாக மாறி, கொஞ்ச நாளில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். நகரி நெசவாளி மகளான உனக்குப் பருத்தி நூலுக்கு மேல் தெரியாது. போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் உன் விதி பிரமாதமாக வேலை செய்தது. தலைமையாசிரியர் ஐந்தே நிமிடத்தில் மூன்றையும் தீர்த்துவிட்டு, பல்வலிக்காரர் போல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கஞ்சத்தனமாகப் பேசினோம். நான் மதிய உணவு முட்டைக்கு ஒன்று, ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஒன்று என்று செலவழித்தேன். மூன்றாவது கையிலேயே இருந்தது. கூடு காயவில்லை என்று வேறு யாராவது உன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

அதற்கடுத்த சனிக்கிழமை உன் கைடு வந்தார். அந்த வருடமே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் முன்னால் பெருமையாக டோக்கன் டப்பாவைத் திறந்தாய். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள். ஒன்று அவருடைய சலவைச் சட்டைக் கையில் ஏறிப் பழுப்புக் கறை வைத்தது. இரண்டு, வருகைப் பதிவேட்டின் மேலேயே குடும்பம் நடத்த ஆரம்பித்தன. நீ போட்ட கூச்சலில் ஆறாம் வகுப்பு ஓடி வந்தது.

அதற்குப் பிறகு யார் டோக்கன் பார்த்தார்கள்? பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"போன வாரமே சொல்லலாம்னு பாத்தேன் மேடம், டோக்கன் தீந்துபூட்ச்சி!" என்றார் தலைமையாசிரியர்.

உன் கைடு கறையைத் துடைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பட்டுப்புழுவைப் பற்றிக் கேள்வி கேட்டார். கடைசியில் உன் பக்கம் திரும்பினார். "ஏமம்மா, இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்கு ஒருத்தர்கூட சொல்லலியா?" அதற்குப் பதில் கண்டுபிடித்து எழுது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் நீ மெதுவாகக் கேட்டாய்: "உனுக்குமாடி தெரியாது?"

"பிரிச்ச அன்னிக்கே நைனா மார்க்கெட்டுக்கு எட்துகினு போயிடுவாரு. எனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

நம்பிவிட்டாய். நம்பியதோடு விட்டாயா? "ஆசிரியர் 7: பட்டு வளர்க்கும் குடும்பத்தவர், எனினும் அறியாதவர்" என்று ஆய்வேட்டில் ஏற்றிவிட்டாய். ஒவ்வொரு கருத்தரங்கிலும் இந்தக் கதையைச் சொன்னாய். கூட்டம் சிரிக்கும், எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரிப்பேன். தெரிந்தவர்கள் ஏன் சொல்வதில்லை என்று நீ எழுதிய அத்தியாயம்தான் உனக்குப் பெயர் வாங்கித் தந்தது என்கிறார்கள். இருக்கட்டும். திருப்பதியில் அந்த அலிபிரி வாடகை அறையில் அந்த ஒரு வருடத்தை நீ எப்படித் தள்ளினாய் என்று எனக்குத் தெரியும். உன் கூடவே இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று வெட்கமாக இருக்கிறது.

அந்த மூன்றாவது கூடுதான் இது. நீ டப்பாவைத் திறந்த அன்றைக்கே இதன் பூச்சியும் என் கைப்பைக்குள் வெளியே வந்துவிட்டது. ஓட்டைக் கூட்டைத் தூக்கிப்போட மட்டும் இத்தனை வருடமாக மனம் வரவில்லை.

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவின் மூடியை மேசைமேல் மல்லாத்தி வைத்து, கூட்டை அதில் போட்டேன். விதிப்படி டோக்கன் போட்டாயிற்று, இனி உஷ் சொல்லாதே.

எனுக்குத் தெரியுண்டி. உள்ள உயிரு கீது. வெய்யில்ல காயப்போடு.