கலா கூப்புடறதுக்குள்ள ஒரு ஹெட்போன்

ஆவணி 6, சனி

வெய்யில் இல்ல, மழையும் இல்ல. மலை மேல மேகம் குந்திகினு எறங்கமாட்டேன்னுது. கடைக்கு தே.காய் ரெண்டு மூட்ட வந்துது, எறக்கியாச்சு. கற்பூரம் பத்தாது. வெள்ளிக்கெழம பௌர்ணமி, மலை சுத்தறவங்க வந்து குமிஞ்சிடுவாங்க.

மனசு ஒரு எடத்துல நிக்கல. எழுதிட்டா அடங்குமோ இன்னாவோ. மூணாவது வரைக்கும் படிச்ச எழுத்து, எனக்குப் புரிஞ்சா போதும்.

நேத்து டவுன்ல பிரௌசிங் சென்டர். மஸ்கட்லேர்ந்து கலா. எம்பொண்ணு, ஆஸ்பத்திரில நர்சு, போயி ரெண்டு வருசம். வெள்ளிக்கெழமதான் அவளுக்கு லீவு. பொட்டில மொகம் தெரியுது. சென்டர்காரரு ஹெட்போன எந்தலைல மாட்டினாரு. பஞ்செல்லாம் பிஞ்சி, யாரோட தலையெண்ணெ வாசனையோ. "கேக்குதாண்ணே?"ன்னாரு. "ஜோரா கேக்குது"ன்னேன்.

ஒண்ணும் கேக்கல.

அப்புறமாத்தான் தெரிஞ்சுது. எனக்கப்புறம் அதே ஹெட்போன மாட்டிகினு குந்தின காலேஜ் பொண்ணு சென்டர்காரர்கிட்ட, "இதுல இடது பக்கம் மட்டும்தாங்க வருது"ன்னா. எனக்கு இடது காதுதான் செத்துப் போச்சு.

அது பன்னெண்டு வருசக் கதை. திருவிழாவுல வேட்டு போடறவன் வரல. மாமியா வூட்ல கறிச்சோறு தின்னுட்டு தூங்கிட்டான் அந்த மகராசன். நான் இன்னா பெரிய வேலைன்னு நெருப்பு வெச்சேன். அன்னிக்கிப் போனது. யார்கிட்டயும் சொல்லல. க. அம்மாகிட்ட கூட. கலா அம்மான்னு ஒவ்வொரு தடவயும் யாரு எழுதறது, க. அம்மா போதும். கூப்ட்டா திரும்பமாட்டேன்றது எந்திமிருன்னு நெனச்சிகினுகீறா. இருக்கட்டும். செவுடன்னு பேர் வாங்கறதுக்கு திமிரு புடிச்சவன்னு இருந்துட்டுப் போறேன்.

கால்மணி நேரம். கலா சிரிச்சா. அழுதா. மூக்க சிந்திட்டு மறுபடி சிரிச்சா. வாய் மட்டும் ஆடுது. அவ நிறுத்தற எடத்துலல்லாம் "சரிம்மா"ன்னேன், தலைய ஆட்னேன். கடைசில ரெண்டு கையும் எடுத்து கும்புட்டா.

எதுக்கு சரின்னேன்?

ஆவணி 8, திங்கள்

காத்து ஜாஸ்தி. கடைப் படுதா கிழிஞ்சுது. தெக்கணும்.

க. அம்மா செங்கத்துலேர்ந்து வந்துட்டா. அவ தம்பி பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு, நாலு நாளு. வந்து கால் கழுவல, பக்கத்துக் கடை செல்லுல கலா. ஒரு நிமிசந்தான். "அப்பா சரின்னுட்டாரும்மா. வெள்ளிக்கெழம நீயும் வா, சொல்றேன்." கட்டாயிடுச்சி.

"யோவ், பொண்ணு இன்னா கேட்டா, நீ இன்னா சரின்ன?"

"எல்லாம் நல்ல விசயந்தான்."

"நல்ல விசயம்னா வாயில வராதா? பெத்தவ நானு."

"அவளே சொல்லுவா, இரு."

"ஆமா, பெரிய கலெக்டரு. வேங்கிக்கால்ல ஆபீசு. ரகசியம்."

சாம்பார் ஊத்துனா. தட்டுக்கு வெளியதான் ஜாஸ்தி.

இன்னா கேட்டிருப்பா?
வேலைய வுட்டுட்டு வரேன்னா?
இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டுமான்னா?
ஒடம்புக்கு எதனா? (அப்ப ஏன் சிரிச்சா)
மேல மாடி எடுக்கச் சொன்னா?
இன்னொண்ணு தோணுது. எழுதமாட்டேன்.

ஆவணி 9, செவ்வா

மத்தியானம் டவுனு. தேரடிக்குப் பின்னால கம்ப்யூட்டர் சாமான் கடை. ஒரு அம்மா, முப்பத்தஞ்சு வயசிருக்கும், மூக்குத்தி. வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டிகீது. கம்ப்யூட்டருக்குக் கூட கண்ணு படுமாட்டம் கீது.

"கேம் ஆடவா, பாட்டு கேக்கவா, பேசவாங்க?"

"பேசத்தாம்மா. எம்பொண்ணு மஸ்கட்டு." அதுலேர்ந்து கலா பொறந்த அன்னிக்கி பேஞ்ச மழை வரைக்கும் போயிட்டேன். அந்தம்மா கொட்டாவிய அடக்கிகினு ஒண்ணொண்ணா எடுத்து வெச்சா. காத மட்டும் சொல்லல.

கேம் ஆடறது: எளநி மட்டய ரெண்டு பக்கமும் கட்னாப்ல. போட்டதும் ரோடு, லாரி, ஒலகமே நின்னு போச்சு. அப்புறம் துப்பாக்கி. படார்னு கயட்டி வெச்சிட்டேன். வேட்டு நெனப்பு.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"இந்த வயசுல யாரம்மா சுடப்போறேன்?"

பாட்டு கேக்கறது: தவுலு வயித்துலயே அடிக்குது. ஆடிட்டேன் கொஞ்சம். பேசறதுக்கு மைக்கு இல்ல. தள்ளு.

மூணாவது, ஒத்தக் காது. மூக்குக்குக் கீழ வர்ற மாதிரி கம்பி, அதுல மைக்கு. "போன் பேசற ஆபீசுல போடறது. பாட்டு சுமாரா இருக்கும், பேச்சு தெளிவா கேக்கும்"ன்னா.

"வலதுல போட்டுக்கலாமா?"

"எதுல வேணாலும். கம்பிய திருப்பிக்கங்க."

எடுத்துட்டேன். ஒத்தக் காதுன்னா ஒருத்தர்தான் கேக்க முடியும். நான் மொதல்ல கேட்டுக்கலாம். இத யாருக்கும் சொல்லல, இதுல எழுதறேன்.

சென்டர் ஹெட்போன்ல ஒரு பக்கம் போச்சுன்னு வாய வுட்டேன். அந்தம்மா, "வலதுலதான் வேணும்னா அதையே திருப்பி மாட்டிகிட்டா போதுமேங்க, இத எதுக்கு வாங்கறீங்க?"ன்னா.

திருப்பி மாட்றதா! அதுல இங்கிலீசு எழுத்து ஒண்ணொண்ணு போட்டிருந்துது. செருப்பு மாதிரின்னு நெனச்சேன், மாத்திப் போட்டா தப்புன்னு. அந்தம்மா சிரிச்சா. நானும் சிரிச்சேன். பஸ்ஸுல வரும்போதுதான் தோணுச்சி, அன்னிக்கே திருப்பி மாட்டிருந்தா கலா சொன்னதெல்லாம் கேட்டிருக்கும்.

ஆவணி 11, வியாழன்

மழை ரெண்டு தூறல். வாங்குனது: கற்பூரம், நெய் வெளக்கு அட்டப்பொட்டி நாலு, சணல்.

நேத்தெல்லாம் ஒண்ணும் ஓடல. ஊதுபத்தி கேட்டவருக்கு தே.காய் குடுத்தேன். குந்தறேன், எழுந்துக்கறேன். நாய் கூட என்ன ஒரு மாதிரி பாக்குது.

ஹெட்போன கற்பூர டின்னுக்குள்ள வெச்சிருந்தேன். க. அம்மா கண்டுபுடிச்சிட்டா.

"ஒத்தக் காதுதான கீது. நான் எதுல கேக்கறது?"

"மொதல்ல நானு, அப்புறம் நீயி."

"நீ கேட்டுட்டு எனக்குக் கதை வுடுவ. ஊருக்கே வுடறவன்."

சொல்லிட்டுப் போனா. தப்பில்ல, உண்மதான்.

ஆவணி 12, வெள்ளி. பௌர்ணமி

வெய்யில் பொளக்குது. கடைல மச்சான உக்கார வெச்சிட்டு கெளம்புனோம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா நடந்து டவுனு. வழியெல்லாம் மைக்செட்டு, அன்னதானம், "செருப்பு எங்க வுட்ட?" சத்தம். க. அம்மா ஒரு பொங்கல் வாங்கித் தின்னா. என்னால முடியல.

பதினோரு மணி. வலது காதுல மாட்டினேன்.

"அப்பா, கேக்குதா?"

கேட்டுது. மூச்சு வுடறது கூட கேட்டுது.

"நீங்க ஒத்த வார்த்தைல சரின்னீங்கப்பா. அவரு நம்பவே இல்ல. வேற ஆளுங்கன்னு தெரிஞ்சும் உங்கப்பா ஒத்துகினாரான்னு நாலு தடவ கேட்டாரு. நாகர்கோயில்ல அவங்க வூட்லயும் சொல்லிட்டாரு. தையில பொண்ணு கேட்டு வராங்க."

எழுதமாட்டேன்னது இதுதான்.

"இன்னா சொல்றா? யோவ், இன்னா சொல்றா?" க. அம்மா தோள்ல குத்தறா. நாக்கு நுனில நாலு கதை ரெடி. கயட்டி அவ காதுல மாட்டிட்டேன். "நீயே கேளு."

கேட்டா. ரொம்ப நேரம். மொதல்ல மொகம் கல்லாட்டம். அப்புறம் ஏதோ மெதுவா கேட்டா. அப்புறம் எம்பக்கம் திரும்புனா.

"நீயா சரின்ன? வேற ஆளுன்னு தெரிஞ்சா சரின்ன?"

பொட்டில கலா என்னயே பாக்கறா. கண்ணு கொட்டல. காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், அந்த சரி செல்லாது. எங்க சாதிசனம், அண்ணன் தம்பிங்க கேட்டாலும் அதையே சொல்லித் தப்பிச்சிக்கலாம். மைக்கு க. அம்மா வாயாண்ட கீது. குனிஞ்சி, அதுல வுழற மாதிரி சொன்னேன்.

"ஆமா. நாந்தான் சரின்னேன். தெரிஞ்சிதான்."

வெளிய வந்தோம். செங்கம் ரோடு திரும்புனோம். சனங்க இடிச்சிகினு போவுது.

"பையன் பேரு இன்னா?"ன்னு நாந்தான் கேட்டேன்.

"நானும் கேட்டேன். சிரிக்கறா. அவரு அவருன்றா."

பத்தடி நடந்தா. நின்னா.

"தாலி ஏறுனவதான் பேரு சொல்லமாட்டா. இவ இப்பவே சொல்லமாட்டேன்றா. அவ்ளோதான்யா."

கண்ணத் தொடச்சிகினா. வேர்வையா இன்னான்னு நான் பாக்கல.

அப்புறம் சொன்னா, தைக்கி முன்னாடி வூட்டுக்கு வெள்ளையடிக்கணும். பின்பக்கச் செவுத்துக்கு ரெண்டு தடவ.