பக்கக் கதவருகே ஒரு நாற்காலி வேண்டி

அனுப்புநர்:
சுருக்கெழுத்தர்,
இரண்டாம் நீதிமன்றக் கூடம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நீதிமன்ற அலுவலகம்.

பொருள்: பெருங்குடல் புண் அழற்சி நோய் – ஆவண அறைக்கு மாற்றிய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நீதிபதி அவர்கள் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஆகவே இந்த நீதிமன்றம்" என்ற இடத்தில் நான் எழுந்து ஓடிவிட்டேன். நீதிபதி அமர்ந்திருக்கையில் யாரும் எழுந்து போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அவசரம் அனுமதி கேட்க விடாது. நான் திரும்பி வரும்வரை நீதிபதி அவர்கள் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். புகார் செய்தவர் அவரல்லர், அலுவலகம்.

2. எனக்கு இருப்பது பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் நோய். நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடல்மீது பாய்கிறது என்றார் மருத்துவர். தொற்றாது. ரத்தமும் சளியுமாகப் போகும். மருந்துக்கு அடங்கும், மாதக்கணக்கில் இருக்கிற இடம் தெரியாது, மறுபடி தலைதூக்கும். தலைமை எழுத்தரோ, "கண்டதைச் சாப்பிட்டிருப்பே, ரெண்டு நாள் வயித்தைக் காயப் போடும்மா, சரியாயிடும்" என்கிறார். அவர் அன்பில் குறையில்லை, வைத்தியத்தில்தான் குறை.

3. அந்தப் புகாரின்மேல் விசாரணை அலுவலர் வந்த நாளில் நோய் அடங்கியிருந்தது. நான் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டதைப் பார்த்து, "ஊழியர் நலமாகவே காணப்பட்டார்" என்று எழுதினார். அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் அடங்கியிருப்பது குணமானதாகாது. தவிர, நலமாக இருக்கும் என்னை "உடல்நலம் கருதி" இடம் மாற்றியிருப்பதும் எனக்கு விளங்கவில்லை.

4. ஆவண அறை அடித்தளத்தில் உள்ளது. அங்கே கழிப்பறை இல்லை. மாடியில் உள்ளதன் சாவி காவலரிடம் இருக்கிறது. அவர் எங்கிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. என் வேலை சுருக்கெழுத்து. அதில் எனக்குப் பெருமை உண்டு. நோயின் பெயரைக் கேட்ட அன்றுகூட நான் அழவில்லை, இந்த உத்தரவைப் படித்து அழுதேன்.

5. எனவே அந்த உத்தரவை ரத்து செய்து, என் இருக்கையைக் கூடத்தின் பக்கக் கதவருகே போடவும், கேட்காமல் எழுந்து போக அனுமதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். கூடத்துக் கழிப்பறை அந்தக் கதவை ஒட்டியே இருக்கிறது, அதற்குப் பூட்டும் இல்லை. புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இந்த மனுவைத் தட்டச்சு செய்யும்போதும் இருமுறை எழுந்து போய் வந்தேன். எந்த இடத்தில் என்று தாங்கள் கண்டுபிடிக்க முடிந்தால், ஆவண அறைக்கே போய்விடுகிறேன்.

இடம்: நீதிமன்ற வளாகம்
நாள்: 14, திங்கட்கிழமை

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
சுருக்கெழுத்தர்