ரேணுகாவோட ஃபோல்டர்

2003 மே 5, திங்கள்
விடியலிலிருந்து மழை. ஹட்டன் டவுன் முழுக்க சேறு. கம்ப்யூட்டர் சென்டர்ல புதுப் பிள்ளைகளுக்கு அக்கவுண்ட் திறந்தேன். எதைத் திறந்தாலும் தானா 'மாணவர்' குரூப்புல போய் விழுது. அதுல உள்ள யாரும் மத்தவங்க ஃபோல்டரைத் திறக்கலாம். மாத்தணும். முதலாளிகிட்ட (முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'நானா') சொன்னேன். "ஓடுறத ஏன் டீச்சர் கரச்சல் பண்றீங்க? பொறகு பாப்பம்."
குடையை பஸ்ல விட்டுட்டேன்.

மே 6
மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து அண்ணன் தங்கச்சி படிக்க வர்றாங்க. மோகன், ரேணுகா. இன்னைக்கு மோகன் அவ ஃபோல்டரைத் திறந்துட்டான். உள்ள, கொழும்புல கார்மெண்ட் வேலைக்கு அவ அடிச்சு வச்ச விண்ணப்பம். அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இவனோட கூட்டாளி.
"ஓடப் பாக்குறியாடி?"
முடியைப் புடிச்சு மேசை விளிம்புல மோதினான். மறுபடியும். நெத்தி கிழிஞ்சு கீபோர்ட் எல்லாம் ரத்தம். எல்லாரும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. நானும்தான், கொஞ்ச நேரம். பிறகுதான் கத்தினேன்.
ஆஸ்பத்திரி. தையல். "வழுக்கி விழுந்துட்டேன்"னு நர்ஸ்கிட்ட சொன்னா.

மே 7
நானாவைக் கேட்கல. ஒவ்வொருத்தர் ஃபோல்டரும் அவங்கவங்களுக்கு மட்டும். ரேணுகாவுக்குப் புது பாஸ்வர்ட். மோகன் அக்கவுண்ட் மூடியாச்சு.

மே 8
வந்தான்.
"அவ பாஸ்வர்டைக் குடுங்க டீச்சர்."
"முடியாது."
"என் தங்கச்சி. கேக்க நீ யாரு?"
கன்னத்துல அறைஞ்சான். காது அடைச்சுப் போச்சு. கையை முறுக்கி சுவத்துல தள்ளினான். மத்த கையில பழைய கீபோர்ட் அகப்பட்டுச்சு, நல்ல கனம். வாயிலேயே போட்டேன். விழுந்தான். விழுந்தவனை மறுபடி அடிச்சேன். அது தேவையில்லாத அடி. நல்லா இருந்துச்சு.
நானா ஓடி வந்து புடிச்சாரு. "விடுங்க டீச்சர், மௌத்தாகிருவான், உசிரு போயிரும்!"
பொலிஸ்ல ரெண்டு பக்கமும் சமாதானம்னு கையெழுத்து.

மே 9
மத்தியானம் ரேணுகா. தையல் மேல முக்காடு. விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்தா. "வீட்டுக்குப் போகல டீச்சர்." ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். கொழும்புக்கு டிக்கெட் எடுத்தா.

மே 10
சென்டர் திறக்கும்போதே அவங்க அம்மா வாசல்ல. கொழுந்துக் கறை படிஞ்ச கையால என் சட்டையைப் புடிச்சாங்க.
"மகன் வாயில பல்லு இல்ல. மக வீட்ல இல்ல. ஒனக்கு இப்ப சந்தோசமா?"
ஆமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. தண்ணி குடுத்தேன். வாங்கி என் மூஞ்சியில ஊத்தினாங்க.